காகித ஊரின் கிழக்கு

அந்த வீட்டுக்குள் விடியல் நேராக வருவதில்லை. ஜன்னல்களில் ஒட்டிய பழுப்பு ஃபிலிமைத் தாண்டி, அதற்கு மேல் தொங்கும் இரட்டைத் திரையைத் தாண்டி, தேனில் நனைந்ததுபோல் மெல்லக் கசிந்து வரும். அந்த வெளிச்சத்தில் கூடத்தில் நடப்பவர்கள் குளத்தின் அடியில் நடப்பவர்களைப்போல் தெரிவார்கள்.

காலை ஏழு மணி. அம்மா மகளை எழுப்பப் போனாள். போர்வையை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒன்பது வயதுப் பாப்பாவின் இடது கன்னம் சிவந்து தடித்திருந்தது. இடது புறங்கையிலும் அதே சிவப்பு. போன வாரம் வந்து, மருந்து போட்டு, மங்கத் தொடங்கியிருந்த அதே இடங்களில் இன்னும் அடர்த்தியாக.

"ஏங்க... இங்க வாங்க!"

பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா, வாயில் நுரையோடு ஓடி வந்தார். பார்த்தார். நுரையை விழுங்கிவிட்டார்.

"வெயில் பட்டிருக்கு" என்றார்.

அந்த வீட்டில் வெயில் என்பது கெட்ட வார்த்தை. யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

காரணம் உண்டு. பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது, கால் மணி நேரம் வெளியே தூக்கிப் போனதற்கு உடம்பெல்லாம் கொப்பளித்தது. டாக்டர்தான் பொறுமையாக உட்கார வைத்து விளக்கினார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீளமான நூல் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் அந்த நூலில் அங்கங்கே முடிச்சு விழும். எல்லோருக்கும் தினமும் விழுகிறது. ஒரு புரதம் நூலைத் தடவிக்கொண்டே போய், முடிச்சைக் கண்ட இடத்தில் நின்று மற்ற புரதங்களைக் கூப்பிடும். அவை வந்து அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக நெய்துவிடும். பாப்பாவின் உடம்பில் கூப்பிடுகிற அந்தப் புரதமே கோணலாகப் பிறக்கிறது. முடிச்சின் மேலேயே நடந்து, கண்டுகொள்ளாமல் போய்விடுகிறது. சேர்ந்துபோன முடிச்சுகள் ஒருநாள் புற்றாக மாறும்.

"அதாவது, ரோந்து போற போலீஸ் தூங்குது" என்றாள் அன்று கூடவே போயிருந்த அத்தை. அவள் அப்பாவின் அக்கா, குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர்.

"ஆமா மேடம். மத்த டிபார்ட்மெண்ட் எல்லாம் முழிச்சுக்கிட்டுதான் இருக்கு. தகவல் சொல்லத்தான் ஆளில்லை."

போன வருடம் பாப்பாவின் மூக்கு நுனியில் கடுகளவு ஒன்று முளைத்தது. வெட்டி எடுத்தார்கள். இன்னொன்று வந்தால் எங்கே வரும், எவ்வளவு ஆழத்தில் வரும் என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லாததையே அம்மா ஒவ்வொரு இரவும் நினைத்துக்கொண்டு படுப்பாள்.

அப்பா போனை எடுத்தார்.

"அக்கா, லீவு போட்டுட்டு வா."

"என்னடா, ஏதாவது திருட்டுப் போயிடுச்சா?"

"இல்லக்கா. யாரோ வெளியிலேர்ந்து உள்ள கொண்டு வராங்க."

காலை பத்து மணி. இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றியதும் முதலில் பாப்பாவிடம் போனாள்.

"எப்படிடி இருக்க, ஆந்தைக்குட்டி?"

"எரியுது அத்தை. ஆனா அம்மாகிட்ட சொல்லாதீங்க, அழுவாங்க."

கன்னத்தை விரலால் தொடாமல், பக்கத்தில் குனிந்து பார்த்தாள். சிவப்பு மூக்கின் நடுக்கோட்டோடு நின்றிருந்தது. வலது கன்னம் வெண்ணெய்போல் இருந்தது.

சமையலறையில் அம்மா தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து பகல்ல வீட்டுல யார் இருந்தீங்க?"

"நான், என் தம்பி, பாப்பா. அவ்வளவுதான் அண்ணி."

"திரையை யாராவது விலக்கினீங்களா?"

"என் கையை வெட்டிக்குவேனே தவிர விலக்க மாட்டேன்."

"போன வாரம் வந்தது?"

"அது அந்த டீச்சர் வேலை."

பாப்பா பள்ளிக்கூடம் போக முடியாது. வீட்டுக்கே வந்து பாடம் சொல்லித்தர ஒரு டீச்சரை வைத்திருந்தார்கள். வெளி உலகத்திலிருந்து பாப்பாவிடம் வரும் ஒரே ஆள் அவள்தான்.

"கண்ணால பார்த்தியா?"

"பார்க்கணுமா அண்ணி? பாப்பாவே சொன்னா. 'டீச்சர் எனக்கு வெயில் காட்டினாங்க'ன்னு, அவ்வளவு சந்தோஷமா சொன்னா. மறுநாள் கன்னம் சிவந்து கிடக்கு. அன்னைக்கே இனிமே வாசப்படி ஏறாதேன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"நான் வாயைத் திறக்க விட்டாத்தானே."

"சரி. அவங்க போய் நாலு நாள் ஆச்சு. இன்னைக்கு வந்திருக்கறது புதுச் சிவப்பு. அதுக்கு யாரைப் பிடிக்கறது?"

அம்மா தேநீரை வடிகட்டினாள். "ஃபிலிமை எங்கயாவது கீறி வெச்சுட்டுப் போயிருப்பா" என்றாள் கடைசியில். சொன்னது அவளுக்கே பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் டம்ளரை வாங்கும்போது அம்மாவின் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். ஓரம் அழுக்கேறிய பிளாஸ்டர்.

"கையில என்ன?"

"கண்ணாடி கிழிச்சிடுச்சு. ரெண்டு வாரமாச்சு, தண்ணியிலயே கை இருக்கறதால ஆற மாட்டேங்குது."

"கண்ணாடிக் கடைக்காரன் பொண்டாட்டியை வேற எது கிழிக்கும்?" என்று சிரித்தாள் இன்ஸ்பெக்டர்.

பாப்பாவின் அப்பாவுக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதித்து, லென்ஸ் வெட்டி, ஃபிரேமில் பொருத்திக் கொடுக்கிற வேலை.

அடுத்து மாமா. அம்மாவின் தம்பி. மாடி அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருப்பவன்.

"என்னப்பா, நீ ஒரு தடவை 'கொஞ்சம் வெயில் பட்டா என்ன ஆயிடப் போகுது'ன்னு கேட்டியாமே?"

"அது மூக்குல ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடி மேடம். அந்தத் தையலைப் பார்த்ததுக்கப்புறம், ரோட்டுல வெயில் அடிச்சாலே அதை முறைச்சுப் பார்த்துட்டுத்தான் போறேன்."

"டீச்சர் வர்ற நாள்ல மட்டும் உன் சட்டைக்கு இஸ்திரி ஆகுமாம்."

மாமாவின் காது சிவந்தது. "இந்த வீட்டுல வெளிச்சம்தான் வெளிய போகாது. மத்த எல்லாம் போயிடுது" என்றான். பிறகு சிரிப்பில்லாமல், "அவங்க செஞ்சிருக்க மாட்டாங்க மேடம். தெருமுனையிலயே தன் துப்பட்டாவை உதறிட்டுத்தான் வருவாங்க. ஏன்னு கேட்டா, 'ஒட்டிக்கிட்டு வந்துடுமோன்னு பயமா இருக்கு'ம்பாங்க" என்றான்.

அப்பா கையடக்கமான மீட்டரோடு காத்திருந்தார். புற ஊதாக் கதிரை அளக்கும் கருவி. குளிர்க்கண்ணாடிகளைச் சோதிக்கக் கடையில் வைத்திருப்பது.

"எப்படி அளக்கறேன்னு காட்டு" என்றாள் அக்கா.

அவர் முதலில் வீட்டின் எல்லா விளக்கையும் அணைத்தார். கதவுகளைச் சாத்தினார். "இருட்டாக்கினாத்தான் எங்க கசியுதுன்னு தெரியும்" என்றார். ஒவ்வொரு ஜன்னலாகப் போய் ஓரங்களிலும் கீல்களிலும் மீட்டரை வைத்தார். பூஜ்யம். மறுபடி பூஜ்யம். பாப்பாவின் அறை ஜன்னலிலும் பூஜ்யம்.

"தினமும் காலைல இப்படித்தானா?"

"தினமும். ஒரு ஊசி நுழையற ஓட்டைகூட கிடையாது அக்கா. அப்புறம் எப்படி?"

"விளக்கெல்லாம்?"

"ஒவ்வொண்ணையும் வாங்கின அன்னைக்கே சோதிச்சுட்டேன். எதுலயும் முள்ளு நகரல."

பாப்பாவின் அறையில் ஒரு ஊர் இருந்தது.

மேசை முழுக்க, அட்டையிலும் வண்ணக் காகிதத்திலும் செய்த ஊர். தெருக்கள், பாலம், மணிக்கூண்டு, தீக்குச்சி மரங்கள். எல்லா வீடுகளுக்கும் சிவப்புக் காகிதக் கூரை. பாப்பா விளக்கைப் போட்டதும் அந்த ஊரில் பகல் வந்தது. மணிக்கூண்டின் நிழல் சதுக்கத்தில் சாய்ந்து விழுந்தது. ஒரு கணம் இன்ஸ்பெக்டருக்குத் தானும் விரல் உயரத்துக்குச் சுருங்கி அந்தப் பாலத்தில் நிற்பதுபோல் இருந்தது. வெதுவெதுப்பாக, யாரும் அவசரப்படாத ஊர்.

"பகல் பூரா இங்கதானா?"

"ஆமா. இங்க உட்கார்ந்துதான் கட்டுவேன். போன வாரம் மருந்து போட்டப்ப மட்டும் அம்மா படுக்க வெச்சுட்டாங்க. எங்க ஊருல எல்லாரும் வெளியதான் விளையாடுவாங்க."

"உங்க ஊருல கிழக்கு எது?"

"இதுகூடத் தெரியாதா?" பாப்பா இடது பக்கம் கை நீட்டினாள். "விளக்கு இருக்கற பக்கம்தான். வலது கையால வெட்டும்போது நிழல் விழக்கூடாதுன்னு அப்பா இந்தப் பக்கம் வெச்சாங்க."

"கிழக்குத் தெருவுல ஏன் கூரையெல்லாம் வெளிறிக் கிடக்கு?"

"அந்தத் தெருக்காரங்க சோம்பேறிங்க. பெயிண்டே அடிக்க மாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தாள். ஆனால் பார்வை கூரைகளிலேயே இருந்தது. மேற்குத் தெரு ஜன்னலை ஒட்டியிருந்தது. அங்கே கூரைகள் புத்தம் புதிதாக, ரத்தச் சிவப்பில்.

மேசை ஓரத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிப் பெட்டிகள். அந்தி சாய்ந்து வெளியே போகும்போது பாப்பா போட்டுக்கொள்ளும், பக்கமெல்லாம் மூடிய கண்ணாடி.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு புதுசு. அப்பா போன வாரத்துக்கு முந்தின வாரம் கொண்டு வந்து மாட்டி விட்டாங்க."

"பழசு என்ன ஆச்சு? உடைஞ்சிடுச்சா?"

"ஐயோ, இதெல்லாம் உடையவே உடையாது அத்தை!" பாப்பா பழையதை எடுத்துத் தரையில் ஓங்கிப் போட்டாள். அது துள்ளி, கட்டிலுக்கடியில் போய் நின்றது. "பார்த்தீங்களா? பிளாஸ்டிக். அப்பா கடைல எல்லாமே இப்ப பிளாஸ்டிக் லென்ஸ்தான்."

இன்ஸ்பெக்டர் கட்டிலுக்கடியில் கைவிட்டு எடுத்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

வெளியே வந்து தம்பியைத் தனியாகக் கேட்டாள். "பாப்பாவுக்குப் புதுக் கண்ணாடி எதுக்குடா?"

"பழசு உடைஞ்சிடுச்சுன்னு இவ சொன்னா. அதான்."

"ஓ" என்றாள் அக்கா. "பாப்பாவை இன்னைக்கு அந்த அறையில உட்கார வைக்காதீங்க. நான் வந்துடறேன்."

மதியம். டீச்சரின் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில். கதவைத் திறந்தவள், வந்திருப்பது இன்ஸ்பெக்டர் என்றதும் மேல்துணியை இழுத்துக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு ஏதாவது...?" அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இருக்கா. நீங்க அவளுக்கு வெயில் காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"எந்த ஜன்னல்ல?"

"ஜன்னலா?" டீச்சர் திகைத்தாள். "மேசை விளக்குல மேடம். பகல், ராத்திரி பாடம். பூமி சுத்தறதை அவ ஊரை வெச்சே சொல்லிக் கொடுத்தேன். 'பார், இதுதான் வெயில். உன் ஊருக்கு வந்திருக்கு'ன்னேன். கை தட்டிக் குதிச்சா."

"இதை அவங்கம்மாகிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். 'என் பொண்ணைக் கொல்லத்தான் சம்பளம் வாங்கினியா'ன்னாங்க. அதுக்கப்புறம் விளக்கம் சொன்னா, கெஞ்சற மாதிரி ஆயிடும்."

இன்ஸ்பெக்டர் கிளம்பினாள். வாசலில் திரும்பி, "அன்னைக்கு அந்த விளக்குல ஏதாவது வித்தியாசம் இருந்துச்சா?" என்றாள்.

டீச்சர் யோசித்தாள். "வழக்கத்தைவிட வெளிச்சம் பளிச்சுன்னு, கொஞ்சம் வெள்ளையா இருந்துச்சு. பல்பு மாத்திட்டாங்கன்னு நினைச்சேன்."

"என்கூட வரீங்களா?"

"அந்த வீட்டுக்கா? வர மாட்டேன் மேடம்."

"சரி. கூப்பிட வேண்டியவங்க வந்து கூப்பிட்டா?"

டீச்சர் படியிறங்கி வரவில்லை. ஆனால் கதவையும் சாத்தவில்லை.

மாலை ஐந்து மணி. பாப்பாவைக் கூடத்தில் மாமாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, அப்பா, அம்மா இருவரையும் அறைக்குள் அழைத்தாள் இன்ஸ்பெக்டர்.

"விளக்கைப் போடுடா. மீட்டரை அதுக்கு நேரா, பாப்பா முகம் இருக்கற தூரத்துல பிடி."

"இதை வாங்கின அன்னைக்கே..."

"பிடிடா."

அப்பா பிடித்தார். முள் துடித்து எழுந்தது. பாதி தாண்டியும் நிற்கவில்லை. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நீ தினமும் அளந்தே. ஆனா எல்லா விளக்கையும் அணைச்சுட்டு அளந்தே" என்றாள் அக்கா. "ஜன்னல்தான் எதிரின்னு முடிவு பண்ணிட்டே. வெயில் கிழக்குலேர்ந்து வந்துச்சு. பாப்பா ஊரோட கிழக்குலேர்ந்து. அந்தப் பக்கத்துக் கூரை வெளிறியிருக்கு, அந்தப் பக்கத்துக் கன்னம் சிவந்திருக்கு. இப்போ விளக்கை அணைச்சுட்டுக் குனிஞ்சு உள்ள பாரு. எரியற விளக்குக்குள்ள யாரும் எட்டிப் பார்க்கறதில்லை."

அவர் குனிந்தார். ஆழமான கிண்ணம் போன்ற அந்த மூடிக்குள், பல்பு வெறுமனே நின்றது.

"இது ஹாலஜன்... இந்த பல்புலேர்ந்து புற ஊதாக் கதிர் வரும். முன்னாடி கண்ணாடி இருந்தாத்தான் தடுக்கும்." அவர் நிமிர்ந்தார். "கண்ணாடி எங்க? யார் கழட்டினது?"

"நீங்கதானே மாட்டினீங்க?" என்றாள் அம்மா.

"நான் எங்க மாட்டினேன்?"

"நான் சொன்னேனே. ஏங்க, பாப்பாவோட கண்ணாடி உடைஞ்சிடுச்சு, வேற கொண்டு வாங்கன்னு. மறுநாள் நான் சமையல்ல இருக்கும்போது, 'கண்ணாடி கொண்டு வந்துட்டேன்'னீங்க. மாட்டிட்டீங்களான்னு கேட்டேன். 'மாட்டியாச்சு, கச்சிதமா இருக்கு'ன்னு..."

அவள் நிறுத்தினாள்.

அப்பா மேசையிலிருந்த புது மூக்குக்கண்ணாடியை மெல்லக் கையில் எடுத்தார்.

"நான் இதை மாட்டினேன்" என்றார். "பாப்பாவுக்கு."

இன்ஸ்பெக்டர் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் பக்கம் திரும்பினாள். "உன் விரலைக் கிழிச்சது கண்ணாடின்னே. நானும் கடைக் கண்ணாடின்னு நினைச்சு சிரிச்சேன். ஆனா உங்க கடைல இருக்கறதெல்லாம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் விரலைக் கிழிக்காது. பழைய மூக்குக்கண்ணாடி தரையில போட்டாலும் உடையல. அப்போ உடைஞ்சது எந்தக் கண்ணாடி? அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு."

"சூட்டுல விரிசல் விட்டுடுச்சு அண்ணி. துண்டு பாப்பா கையில விழுந்துடுமேன்னு நானே எடுத்தேன்." அம்மா தன் விரலையே வெறித்தாள். "தூசிக்காகப் போட்ட கண்ணாடின்னு நினைச்சேன். கிழிச்சிடக் கூடாதுன்னு பார்த்து, எரிய விட்டுட்டேனே... நான்தானே செஞ்சேன்? நானேதானே?"

"இல்ல, நான்தான்" என்றார் அப்பா. "எந்தக் கண்ணாடின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கண்ணாடின்னா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணும்."

"ரெண்டு பேரும் போட்டி போடாதீங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். குரலில் காவல் நிலையம் இல்லை. "குற்றவாளி யாருன்னு நான் சொல்றேன். நாலெழுத்து. கண்ணாடி. டாக்டர் அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா? பாப்பாவோட புரதம் ஏன் கோணலாச்சுன்னு?"

இருவருக்கும் ஞாபகம் இருந்தது. அப்பாவிடமிருந்து ஒரு பிழை, அம்மாவிடமிருந்து ஒரு பிழை. ஒன்று மட்டும் வந்திருந்தால் குழந்தைக்கு எதுவும் ஆகியிருக்காது. இரண்டும் ஒரே குழந்தையில் வந்து சேர்ந்தன. பல வருடங்களாக இருவரும் தனித்தனியாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அந்தப் பழியை முழுசாகத் தன் தலையிலேயே சுமந்து வந்தார்கள்.

"இதுவும் அப்படித்தான். சொன்னதுல பாதி, கேட்டதுல பாதி. தனித்தனியா ஒண்ணும் ஆகியிருக்காது" என்றாள் இன்ஸ்பெக்டர். "அதுக்கு யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டாம்."

அப்பா அம்மாவின் பிளாஸ்டர் விரலைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"ஆனா ஒண்ணு முழுசா என்னோடது அண்ணி. அந்தப் பொண்ணை நான் பேசின பேச்சு. அதுல அவருக்குப் பங்கு இல்லை."

"தெரியும்" என்றாள் இன்ஸ்பெக்டர். "கதவைச் சாத்தாமத்தான் வெச்சிருக்கா."

அம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினாள். பின்னாலேயே ஓடப் பார்த்த மாமாவை இன்ஸ்பெக்டர் காலரைப் பிடித்து நிறுத்தினாள். "நீ எங்க? முதல்ல சட்டைக்கு இஸ்திரி போடு."

அந்தி சாயும்போது இருவரும் வந்தார்கள். வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன, டீச்சரின் கண்களும். தெருமுனையில் டீச்சர் பழக்கப்படி துப்பட்டாவை உதறினாள். அதைப் பார்த்த அம்மா, தன் முந்தானையையும் எடுத்து உதறினாள்.

அதற்குள் அப்பா கடைத்தெருவுக்குப் போய்ப் புது எல்.இ.டி. விளக்கு வாங்கி வந்திருந்தார். எரிய விட்டு, பாப்பா முகத்தின் உயரத்தில், மூன்று முறை அளந்தார். முள் அசையவில்லை.

"ஏங்க" என்றாள் அம்மா வாசலிலிருந்தே, "விளக்கு மாட்டிட்டீங்களா?"

"எந்த விளக்கு?" என்று கேட்டார் அப்பா, மிகக் கவனமாக.

"பாப்பா ரூம்ல, மேசை மேல இருக்கற, வரையற விளக்கு."

"அது மாட்டியாச்சு."

மாமா சிரித்துவிட்டான். இனி இந்த வீட்டில் உப்புக் கேட்டால்கூட எந்த உப்பு என்று கேட்பார்கள் போலிருக்கிறதே என்றான்.

பாப்பா டீச்சரைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்து நேராக மேசைக்கு இழுத்துப் போனாள். மருந்து தடவிய கன்னத்தோடு, புது விளக்கைத் தூக்கி ஊரின் மறுபக்கம், வலது ஓரத்தில் வைத்தாள்.

"அங்க வெச்சா கையோட நிழல் விழுமே" என்றாள் டீச்சர்.

"விழட்டும். இந்தக் கன்னம் தூங்கணும்." பாப்பா விளக்கைப் போட்டாள். மணிக்கூண்டின் நிழல் சதுக்கத்தைக் கடந்து மறுபுறம் சாய்ந்தது. வெளிறிய கூரைகள் மெல்ல இருளுக்குள் போக, இதுவரை மேற்காக இருந்த தெருவில் விடிந்தது.

"கிழக்கை மாத்திட்டேன் டீச்சர். ஊருல எல்லார்கிட்டயும் சொல்லணும்."